பிஸ்டன் ரிங்கில் தொடங்கும் புகைக் கட்டுப்பாடு

இயந்திரப் பொறியியல் முடிக்கப்போகும் ஒருவர் கேட்டிருக்கிறார்: எஞ்சின் பாகங்களும் புகைக் கட்டுப்பாட்டு அமைப்புகளும் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. பிஸ்டனும் வால்வும் செய்கிறவர்கள் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் ஏன் செய்கிறார்கள்? இதையெல்லாம் கார் கம்பெனியே செய்துகொள்ளாதா? மின்சார வண்டிகள் வந்துவிட்டால் இந்தத் தொழில் என்ன ஆகும்?

இதே துறையில் வேலை பார்ப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மூன்றில் முதல் கேள்விதான் முக்கியம். அது பிடிபட்டால் மற்ற இரண்டுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

புகைக் கட்டுப்பாடு என்றதும் வண்டிக்கு அடியில் இருக்கும் உருண்டைப் பெட்டியான கேட்டலிடிக் கன்வெர்ட்டர்தான் நினைவுக்கு வரும். எஞ்சின் தன் போக்கில் புகையைக் கக்கும், பெட்டி அதைச் சுத்தம் செய்யும் என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. உள்ளே வரும் வாயுவின் சூடு, அதிலிருக்கும் ஆக்சிஜன், அதோடு கலந்து வரும் எண்ணெய் ஆவி எல்லாம் ஒரு வரம்புக்குள் இருந்தால்தான் அந்தப் பெட்டி வேலை செய்யும். வரம்பு மிகக் குறுகலானது. அதைக் காப்பாற்றுவது பிஸ்டனைச் சுற்றி உட்காரும் வளையமான பிஸ்டன் ரிங், வால்வு சீட், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர், புகையில் ஒரு பங்கைத் திருப்பி எஞ்சினுக்குள் விடும் இ.ஜி.ஆர். வால்வு, ஆக்சிஜன் சென்சார் போன்ற எஞ்சின் பாகங்கள். எஞ்சின் பாக வேலையும் புகைக் கட்டுப்பாட்டு வேலையும் ஒரே வேலையின் இரண்டு முனைகள். நான் சொல்ல வருவதெல்லாம் இதுதான்.

எரியாத பெட்ரோலையே எடுத்துக்கொள்ளுங்கள். பிஸ்டனின் தலைக்கும் முதல் ரிங்குக்கும் நடுவே, சிலிண்டர் சுவரை ஒட்டி, மெல்லிய இடுக்கு ஒன்று உண்டு. பிஸ்டன் மேலே ஏறி அழுத்தும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை இந்த இடுக்குக்குள் புகுந்துகொள்ளும். தீப்பொறி விழுந்து சுடர் பரவி வந்தாலும் இடுக்கின் வாசலிலேயே அணைந்துவிடும். இரு பக்கமும் இருக்கும் உலோகம் சுடரின் சூட்டை உறிஞ்சிவிடுவதே காரணம். பிஸ்டன் கீழே இறங்கும்போது, அங்கே பதுங்கியிருந்த கலவை எரியாமலே வெளியே வருகிறது. பெட்ரோல் எஞ்சின் வெளியிடும் ஹைட்ரோகார்பனில் கணிசமான பங்கு இந்த இடுக்கில்தான் பிறக்கிறது.

அப்படியானால் முதல் ரிங்கை இன்னும் மேலே தூக்கி வைத்தால் இடுக்கு சிறுக்குமே? சிறுக்கும், அதைத்தான் செய்தார்கள். ஆனால் ரிங் மேலே போகப்போக நெருப்புக்கு அருகில் போகிறது. அந்தச் சூட்டில் அலுமினியம் வலுவிழக்கும், ரிங் உட்காரும் காடி தேயும், சில எஞ்சின்களில் ரிங்கோடு அலுமினியம் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும். அதனால் பெட்ரோல் பிஸ்டனின் காடிக்குக் கடின அனோடைசிங், அதாவது மேற்பரப்பைக் கடினமான ஆக்சைடுப் படலமாக்கும் வேலை, செய்கிறார்கள். டீசல் பிஸ்டனிலோ நிக்கல் கலந்த வார்ப்பிரும்பு வளையத்தை அலுமினியத்துக்குள்ளேயே வைத்து வார்த்து, அந்த வளையத்தில் காடியை வெட்டுகிறார்கள். ரிங்கைச் சில மில்லிமீட்டர் உயர்த்துவதற்குப் பின்னால் இத்தனை உலோகவியல் இருக்கிறது. பிஸ்டன் பட்டறையில் நடந்தாலும் இது முழுக்க முழுக்கப் புகைக் கட்டுப்பாட்டு வேலை.

அதே ரிங்தான் எண்ணெயையும் தடுத்து நிறுத்துகிறது. எஞ்சின் எண்ணெயில் தேய்மானத்தைக் குறைக்க, துத்தநாகமும் பாஸ்பரஸும் அடங்கிய ஒரு சேர்மானம் உண்டு. ரிங் சரியாக வழிக்காமல் எண்ணெய் மேலே ஏறி எரிந்தால், அந்தப் பாஸ்பரஸ் புகையோடு போய் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் வினையூக்கியின் மேல் படலமாகப் படியும். படிந்த இடம் செத்த இடம்தான், அதைக் கழுவி மீட்க முடியாது. பெட்ரோல் எஞ்சின் எண்ணெய்க்கான ஐ.எல்.எஸ்.ஏ.சி. தரம் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் கட்டிப்போட்டிருப்பது இதற்காகத்தான். டீசலில் பிரச்சினை வேறு. எண்ணெயில் உள்ள கால்சியமும் துத்தநாகமும் சாம்பலாகி, கரித்துகளைப் பிடிக்கும் ஃபில்டரில் தங்கிவிடும். கரித்துகளை எரித்துவிடலாம், சாம்பல் எரியாது. ஃபில்டர் அடைத்துக்கொண்டது என்று வரும் பழைய வண்டிகளில் சிலவற்றுக்கு முதல் காரணம் ஃபில்டர் இல்லை, தேய்ந்த ரிங்கும் தவறான எண்ணெயும்.

இனி அந்தப் பெட்டிக்கு வருவோம். வாகனப் புகையை வினையூக்கியால் சுத்தம் செய்யும் எண்ணம் பழையது. பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய யூஜின் ஹூட்ரி 1950-களிலேயே அதற்கான கருவியைச் செய்து காப்புரிமை பெற்றார். கச்சா எண்ணெயை வினையூக்கியால் பிளந்து பெட்ரோல் எடுக்கும் முறையால் அதற்கு முன்பே புகழ் பெற்றிருந்தவர் அவர். ஆனால் அவருடைய கருவி சாலையில் நிலைக்கவில்லை. அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது, ஈயம் வினையூக்கிக்கு நஞ்சு. அமெரிக்காவின் 1970-ம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டம் வாகனப் புகையை 90 சதவீதம் குறைக்கச் சொன்ன பிறகுதான் ஈயமில்லாத பெட்ரோலுக்கு வழி பிறந்தது. 1975 மாடல் கார்களில் கன்வெர்ட்டர் பரவலாக ஏறியது.

அந்தக் கன்வெர்ட்டர் ஒரே ஆளின் கண்டுபிடிப்பு இல்லை. வினையூக்கியைத் தாங்கும் தேன்கூட்டுப் பீங்கானைக் கார்னிங் நிறுவனத்தின் ராட்னி பேக்லி, இர்வின் லாக்மன், ரொனால்ட் லூயிஸ் மூவரும் உருவாக்கினார்கள். களிமண் பதத்தில் இருக்கும் கலவையை அச்சின் வழியே பிதுக்கி எடுத்து, சுட்டு இறுக்கும் முறை அது. ஒரே பெட்டியில் மூன்று நச்சுகளையும் தீர்க்கும் மும்முனை வினையூக்கி ஏங்கல்ஹார்ட் நிறுவனத்தில் ஜான் மூனி, கார்ல் கீத் ஆகியோரின் குழுவிடமிருந்து வந்தது. அது சரியாக வேலை செய்ய ஒரு கண் வேண்டியிருந்தது. 1976-ல் கலிஃபோர்னியாவுக்கான வால்வோ கார்களில் ஏறிய பாஷ் நிறுவனத்தின் லாம்டா சென்சார்தான், அதாவது புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சார்தான், அந்தக் கண். பீங்கான்காரர், வேதியியல்காரர், சென்சார்காரர், கார்காரர் என்று நாலு தொழில் சேர்ந்துதான் ஒரு பொருள் உருவானது. இந்த அமைப்பு இன்றும் மாறவில்லை. கார் கம்பெனியே செய்துகொள்ளாதா என்ற கேள்விக்கு விடையின் முதல் பகுதி இங்கேயே இருக்கிறது.

லாம்டா என்ற காற்று-பெட்ரோல் விகிதக் கணக்கை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று தேவை. காற்று கூடினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பெட்டியில் எளிதாக எரிந்துவிடும், ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு அப்படியே வெளியே போகும். காற்று குறைந்தால் நைட்ரஜன் ஆக்சைடு உடையும், மற்ற இரண்டும் தப்பிவிடும். மூன்றும் ஒருசேரத் தீர வேண்டுமானால் கலவை அந்த 14.7-ஐச் சுற்றி ஏறக்குறைய 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பழைய வகை சிர்கோனியா சென்சார், புகையில் ஆக்சிஜன் மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ட் அளவும், மிஞ்சாவிட்டால் 0.9 வோல்ட் அளவும் காட்டும். எஞ்சின் கம்ப்யூட்டர் அதைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். அந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க வினையூக்கிப் பூச்சில் சீரியம் ஆக்சைடு சேர்க்கிறார்கள். மிஞ்சும்போது அது ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குறையும்போது விட்டுக்கொடுக்கும்.

இப்போது மெனிஃபோல்டில், அதாவது சிலிண்டர்களின் புகையைத் திரட்டிக் கொண்டுபோகும் குழாயில், இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் ஒன்று லேசாகக் கிழிந்திருக்கிறது என்று வையுங்கள். புகை வெளியே கசிவதோடு விஷயம் முடிந்துவிடாது. புகை விட்டுவிட்டுத் துடித்து வருவதால் இரண்டு துடிப்புகளுக்கு நடுவே குழாயில் அழுத்தம் தாழும், அந்த நொடியில் வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார் அதைப் பார்த்து, காற்று மிஞ்சியிருக்கிறது என்று சொல்லும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். எஞ்சின் நன்றாகத்தான் ஓடும், ஆனால் கலவை தடித்துப்போயிருக்கும், மைலேஜ் விழும், கார்பன் மோனாக்சைடு ஏறும். நாளாவட்டத்தில் பி0420 என்ற கோளாறு எண் வரும். வினையூக்கியின் திறன் குறைந்துவிட்டது என்பது அதன் பொருள். பெட்டியை மாற்றுவார்கள், சில மாதத்தில் அதே எண் திரும்ப வரும். திரும்பி வந்த கன்வெர்ட்டர்களை அறுத்துப் பார்க்கும் மேசையில் நான் கண்டவற்றில் பல, தாமாகச் செத்தவை இல்லை. மேலே இருந்த ஏதோ ஒரு பாகம் அவற்றைக் கொன்றிருந்தது. நடுவில் உருகிக் குழிந்த பீங்கானைப் பார்த்தால் இக்னிஷன் காயிலையோ இன்ஜெக்டரையோ சந்தேகப்படுவேன். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் பெட்டிக்குள் வந்து எரிந்தால்தான் பீங்கான் உருகும் சூடு கிடைக்கும். இந்தக் கட்டி செய்யப் பயன்படும் கார்டியரைட் என்ற பீங்கான் உருகச் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வேண்டும்.

அடுத்து, பெட்டி எப்படிச் செய்யப்படுகிறது என்று பார்ப்போம். வேலைக்குச் சேர்ந்தால் நீங்கள் நிற்கப்போகும் இடம் பெரும்பாலும் இதுதான் என்பதால் இதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். தேன்கூட்டுப் பீங்கான் கட்டி கார்னிங், என்.ஜி.கே. போன்றவர்களிடமிருந்து வரும். அதன் மேல் பூச்சும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியமும் ஏற்றுவது ஜான்சன் மேத்தி, பி.ஏ.எஸ்.எஃப்., உமிகோர் போன்றவர்கள். பூசி வந்த கட்டியைச் ஸ்டீல் உறைக்குள் அடைத்து, கூம்பும் குழாயும் சென்சாரைத் திருகிப் பொருத்தும் பாஸும் வெல்டு செய்து, எஞ்சினோடு பொருந்தும் முழு அமைப்பாக்குவது டென்னகோ, ஃபோர்வியா, எபர்ஸ்பேச்சர், ஃபுடாபா போன்ற நிறுவனங்கள். கட்டியை உறைக்குள் அடைக்கும் வேலைக்குக் கேனிங் என்று பெயர்.

கேட்க எளிதாக இருக்கும், செய்வது எளிதில்லை. சதுர அங்குலத்துக்கு 400 அல்லது 600 துளைகள் கொண்ட கட்டி அது. துளைகளுக்கு நடுவே இருக்கும் சுவர் தோராயமாக 0.1 மி.மீ. கனம்தான். கையிலிருந்து நழுவினால் உடையும். அதை ஒரு வாகனத்தின் ஆயுள் முழுக்க அதிர்விலும் சூட்டிலும் அசையாமல் பிடித்து வைத்திருக்க வேண்டும். பிடித்து வைப்பது பீங்கானுக்கும் உறைக்கும் நடுவே சுற்றப்படும் நார்ப்பாய் ஒன்று, மேட் என்போம்.

இதில் இருக்கும் சிக்கலை ஒரு கணக்கில் காட்டலாம். 118 மி.மீ. விட்டமுள்ள கட்டி என்று வைப்போம். கார்டியரைட் சூட்டில் ஏறக்குறைய விரிவதே இல்லை, அதைத் தேர்ந்தெடுத்ததே அதற்காக. ஸ்டீல் விரியும். உறை 400 டிகிரி சூடேறினால், ஃபெர்ரிடிக் வகை ஸ்டீலாக இருந்தால் அதன் விட்டம் அரை மி.மீ.க்குச் சற்று மேல் கூடும். பாத்திரங்களுக்குப் பயன்படும் ஆஸ்டெனிடிக் வகையாக இருந்தால் 0.8 மி.மீ.யைத் தாண்டும். உறை எந்தளவு விலகுகிறதோ அந்தளவு மேட்டின் பிடி தளரும். ஆகவே கன்வெர்ட்டர் உறைக்கு 409, 441 போன்ற ஃபெர்ரிடிக் வகைகளைப் பயன்படுத்துகிறார்கள். மேட்டில் வெர்மிகுலைட் என்ற தாதுவைச் சேர்க்கிறார்கள். அது சூடேறினால் உப்பும், உறை விலகிய இடத்தை நிரப்பும். டீசல் புகை பெட்ரோல் புகை அளவுக்குச் சூடு ஏறாது, வெர்மிகுலைட் உப்பாமலே போகலாம். அங்கே தன் மீள்தன்மையாலேயே பிடித்துக்கொள்ளும் அலுமினா நார் மேட்டைப் பயன்படுத்த வேண்டும். விலை கூடத்தான், வேறு வழியில்லை.

மேட்டை எவ்வளவு இறுக்குவது என்பது அடுத்த கேள்வி. தளர்வாக இருந்தால் கட்டி ஆடும், புகை மேட்டின் ஓரத்தை அரித்துத் தின்னும், ஒருநாள் கட்டி கழன்று கடகடக்கும். இறுக்கம் மிஞ்சினால் அடைக்கும்போதே மெல்லிய சுவர் விரிசல் விடும், அந்த விரிசல் வெளியே தெரியாது. இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் இடம் குறுகல். இதில் பீங்கான் கட்டியின் விட்டமும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறும், மேட்டின் எடையும் மாறும். அதனால் நல்ல லைனில் ஒவ்வொரு கட்டியின் விட்டத்தையும் அளந்து, அதற்கென்று எடுத்த மேட்டை எடை போட்டு, அந்த ஜோடிக்கு உறை எவ்வளவு இருக்க வேண்டும் என்று இயந்திரமே கணக்கிட்டு, அந்த அளவுக்கு உறையைச் சுருக்கும். அடுத்த கட்டிக்கு வேறு அளவு. ஒரே மாதிரிப் பொருள் என்று வெளியே போகும் இரண்டு கன்வெர்ட்டர்களின் உறை அளவு ஒன்றாக இருக்காது. முதன்முறை இந்த லைனைப் பார்க்கும் பொறியாளர்கள், அளவு மாறுகிறதே, தரக் குறைபாடோ என்று கேட்பார்கள். மாறுவதுதான் தரம். மேட்டுக்குள் இருக்கும் அடர்த்தி மாறாமல் இருக்க, உறை மாறியாக வேண்டும்.

மலிவுப் போலி கன்வெர்ட்டர்களில் முதலில் கைவைக்கப்படுவது விலையுயர்ந்த உலோகத்திலும் சீரியம் ஆக்சைடிலும்தான். பார்வைக்கு அசலைப் போலவே இருக்கும், புதிதில் சோதனையிலும் தப்பிவிடலாம். ஆக்சிஜனைச் சேமிக்கும் திறன் இல்லாததால், கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் விரைவிலேயே அதைக் காட்டிக்கொடுக்கும்.

பெட்டி எவ்வளவு சீக்கிரம் சூடேறுகிறது என்பதும் அதன் வடிவமைப்போடு சேர்ந்ததே. வினையூக்கி 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வந்தால்தான் விழித்துக்கொள்ளும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய முதல் நிமிடத்தில் வெளியேறும் ஹைட்ரோகார்பன், அதற்குப் பிறகு அந்தப் பயணம் முழுக்க வெளியேறுவதைவிட அதிகமாகவே இருக்கலாம். எனவே கன்வெர்ட்டரை எஞ்சினுக்கு மிக அருகில் கொண்டுவந்தார்கள். அப்படி வந்ததும் மெனிஃபோல்டின் கனம் பிரச்சினையாயிற்று. கனத்த வார்ப்பிரும்பு மெனிஃபோல்டு தானே சூட்டைக் குடித்துவிடும். மெல்லிய ஸ்டீல் தகடோ சூட்டை அதிகம் உறிஞ்சாமல் கன்வெர்ட்டருக்கு விட்டுவிடும், ஆனால் எஞ்சின் அதிர்வில் வெல்டு விரிசல் விடும். மெனிஃபோல்டு செய்பவரும் கன்வெர்ட்டர் செய்பவரும் தனித்தனியாக இருந்து கடிதப் போக்குவரத்து நடத்திக்கொண்டிருந்தால் இது தீராது. இரண்டையும் ஒன்றாகவே வடிவமைத்து ஒரே பாகமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

டீசலைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அதற்குத் தனிப் பதிலே எழுதலாம். சிலிண்டருக்குள் சூடு ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காற்றிலுள்ள நைட்ரஜனே ஆக்சிஜனோடு வேகமாகச் சேரத் தொடங்கும். அதைத் தணிக்க, வெளியேறிய புகையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே விடுவது இ.ஜி.ஆர். வால்வின் வேலை. நைட்ரஜன் ஆக்சைடு குறையும், ஆனால் ஆக்சிஜன் குறைவதால் கரித்துகள் கூடும். அதை ஈடுகட்ட இன்ஜெக்ஷன் அழுத்தத்தை 2,000 பாருக்கு மேல், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 2,000 மடங்குக்கு மேல், கொண்டுபோனார்கள். அதற்கும் அடங்காத துகளைப் பிடிக்க ஃபில்டர் வந்தது. 2000-ல் பியூஜோ 607 காரில் அது தொடர் உற்பத்திக்கு வந்தது. ஒன்றுவிட்டு ஒன்றாக அடைக்கப்பட்ட துளைகளின் சுவர் வழியே புகை ஊடுருவிப் போகும், துகள் தங்கும், அவ்வப்போது 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி அதை எரிப்பார்கள். நைட்ரஜன் ஆக்சைடைத் தீர்க்க எஸ்.சி.ஆர். என்ற தனி வினையூக்கி அமைப்பு உண்டு. 32.5 சதவீத யூரியாக் கரைசலைப் புகைக்குள் தெளித்தால் அது அம்மோனியாவாகி நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றும். அந்த 32.5 என்ற எண் சும்மா வரவில்லை. அந்தச் செறிவில்தான் கரைசல் மிகக் குறைந்த வெப்பநிலையில், சுமார் மைனஸ் 11 டிகிரியில், உறையும். புகை போதிய சூடில்லாதபோது தெளித்துவிட்டால் யூரியா குழாயில் வெள்ளைக் கல்லாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். எப்போது தெளிக்கலாம், எவ்வளவு தெளிக்கலாம், கலக்கும் தகடு எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்பதில் வருடக்கணக்கான உழைப்பு இருக்கிறது. ஐரோப்பாவில் டீசல் காரின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு யூரோ 3 என்ற புகை விதியில் கிலோமீட்டருக்கு 0.50 கிராமாக இருந்தது, யூரோ 6-ல் 0.08 கிராம். இப்படி ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்த்துத்தான் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

கார் கம்பெனி ஏன் தானே செய்வதில்லை என்பதற்கு வருகிறேன். விற்கும் வண்டிக்குச் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியது கார் கம்பெனிதான். எஞ்சினின் அடிப்படை வடிவம், கம்ப்யூட்டரின் அளவமைப்பு எல்லாம் பெரும்பாலும் அவர்கள் கையில். ஆனால் ஒரு ரிங் பூச்சுக்கோ, ஒரு கேனிங் லைனுக்கோ போடும் முதலீடு ஒரு கம்பெனியின் ஒரு மாடலுக்கு மட்டும் என்றால் கட்டுப்படியாகாது. பல கம்பெனிகளுக்குச் செய்யும்போதுதான் கட்டுப்படியாகும். அதைவிட முக்கியம் அனுபவம். பத்துக் கம்பெனி எஞ்சின்களில் என்னென்ன உடைந்தது என்று பார்த்த ஆள், தன் எஞ்சினை மட்டும் பார்த்த ஆளைவிட முன்கூட்டியே ஆபத்தை மோப்பம் பிடிப்பார். யூரோ 5, யூரோ 6 விதிகளில் அமைப்பு 1,60,000 கி.மீ. வரை வரம்பைக் காப்பாற்ற வேண்டும். அத்தனை தூரம் ஓட்டிப் பார்க்கக் காலம் இருக்காது, எஞ்சின் பெஞ்சில் கடும் சூட்டில் வைத்து வினையூக்கியைச் செயற்கையாக மூப்படையச் செய்து பார்ப்பார்கள். அந்தச் செயற்கை மூப்பு உண்மையான மூப்போடு ஒத்துப்போகிறதா என்று சொல்லக்கூடியவர், சாலையிலிருந்து திரும்பி வந்த பாகங்களை ஏராளமாக அறுத்துப் பார்த்தவர் மட்டுமே.

பாகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மென்பொருள் நேர்மையாக இல்லாவிட்டால் பயனில்லை என்பதை 2015-ல் வெளிவந்த ஃபோக்ஸ்வாகன் டீசல் விவகாரம் காட்டியது. சோதனை நடக்கிறது என்று கண்டுகொண்டால் மட்டும் கட்டுப்பாட்டு அமைப்பை முழுதாக இயக்கும் நிரல் அது. அதன் பின் ஐரோப்பாவில் கருவியை வண்டியிலேயே ஏற்றிச் சாலையில் ஓட்டி அளக்கும் முறை கட்டாயமாயிற்று. பாகம் செய்பவருக்கு இதனால் வேலை கூடியது, நல்ல விதமாகவே கூடியது. ஆய்வகத்தின் ஒரே ஓட்டச் சுழற்சிக்குச் சரியாக இருந்தால் போதாது, மலையேற்றத்திலும் நெரிசலிலும் குளிரிலும் சரியாக இருக்க வேண்டும்.

மின்சார வண்டி பற்றிய கேள்வி. இந்தத் துறையின் பெரிய நிறுவனங்கள் எடுத்த முடிவுகளைப் பார்த்தாலே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரியும். புகைப்போக்கி அமைப்புகளில் பேர் பெற்ற டென்னகோ, பிஸ்டன், ரிங், பேரிங் செய்யும் ஃபெடரல் மொகலை 2018-ல் வாங்கியது. நான் மேலே சொன்ன இரண்டு முனையும் ஒன்றாக வந்தது. 2022-ல் டென்னகோவை அப்போலோ என்ற முதலீட்டு நிறுவனம் முழுதாக வாங்கிக்கொண்டது. கான்டினென்டல் தன் எஞ்சின், மின்னியக்கப் பிரிவை 2021-ல் வைடெஸ்கோ என்று பிரித்துவிட்டது, பிறகு அது ஷெஃப்லரோடு இணைந்தது. போர்க்வார்னர் 2020-ல் டெல்ஃபை டெக்னாலஜீஸை வாங்கி, 2023-ல் எரிபொருள் இன்ஜெக்ஷன் தொழிலை ஃபினியா என்று தனியாக்கியது. சிலர் ஒன்று சேர்ந்து இறுகுகிறார்கள், சிலர் எஞ்சின் தொழிலைத் தனிக் குடித்தனம் வைக்கிறார்கள். புதிதாக எஞ்சின் பாகத் தொழிலில் பெருமளவு முதலீடு இறங்காது என்பது என் கணிப்பு. இருக்கும் லைன்களைக் கறாராக நடத்தத் தெரிந்தவர்களின் தேவை அவ்வளவு சீக்கிரம் குறையாது என்பதும் என் கணிப்பு.

அதோடு வேலையின் உருவம் மாறிக்கொண்டிருக்கிறது. ஹைபிரிட் வண்டியில் எஞ்சின் அடிக்கடி நின்று கிளம்புகிறது, நின்ற நேரத்தில் வினையூக்கி ஆறிப்போகிறது. மின்சாரத்தால் சூடேற்றும் வினையூக்கிக்கு அங்கேதான் தேவை. லாரிகளிலும், மண் அள்ளும் இயந்திரங்களிலும், ஜெனரேட்டர்களிலும் எஞ்சின் இன்னும் நீண்ட காலம் இருக்கும். ஹைட்ரஜனை எரிக்கும் எஞ்சினிலும் நைட்ரஜன் ஆக்சைடு உண்டு, அதற்கும் எஸ்.சி.ஆர். வேண்டும். 2024-ல் ஏற்கப்பட்ட யூரோ 7 விதி பிரேக்கிலிருந்து பறக்கும் துகளுக்கும் வரம்பு வைத்திருக்கிறது, எஞ்சின் கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம், முழு மின்சாரக் கார்களுக்கு 3 மில்லிகிராம். வார்ப்பிரும்பு டிஸ்க்கின் மேல் ஒட்டும் கடினப் பூச்சு, துகளைப் பிடிக்கும் ஃபில்டர் என்று பூச்சும் வடிகட்டலும் தெரிந்தவர்களுக்கு அங்கே வேலை காத்திருக்கிறது.

நேர்முகத் தேர்வுக்குப் போனால் மூன்று விஷயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வடிவமைப்பு அவர்களுடையதா, அல்லது வாடிக்கையாளர் தரும் வரைபடத்துக்குச் செய்து கொடுப்பது மட்டுமா? வடிவமைப்பு அவர்களுடையது என்றால் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கும். திரும்பி வரும் பாகங்களை அறுத்து ஆராய அவர்களிடம் சொந்த ஆய்வகம் இருக்கிறதா? இருந்தால் முதல் ஆண்டை அங்கே கழிக்கக் கேளுங்கள், வடிவமைப்புப் பிரிவில் மூன்று ஆண்டு உட்கார்ந்து கிடைக்காத அறிவு அங்கே கிடைக்கும். எஞ்சின் பாகப் பிரிவும் புகைப்போக்கிப் பிரிவும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து பேசுகிறார்களா? இரண்டும் ஒரே பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருந்துகொண்டு ஒன்றுக்கொன்று முகம் தெரியாமல் நடத்தும் நிறுவனங்களும் உண்டு. அங்கே போனால் உங்களுக்குப் பாதித் தொழில்தான் தெரியவரும்.

சேருவதற்கு முன் படிக்க நேரமிருந்தால் வெப்ப இயக்கவியலோடு இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, அளவுச் சகிப்பு வரைபடங்களைப் படிக்கும் பழக்கம். மற்றொன்று புள்ளியியல். மேட் அடர்த்திக் கணக்கை நீங்களே காகிதத்தில் போட்டுப் பாருங்கள். கட்டியின் விட்டத்தில் வரும் ஏற்ற இறக்கம், மேட் எடையில் வருவது, உறையில் வருவது மூன்றையும் சேர்த்து அடர்த்தி எந்த எல்லைக்குள் விழும் என்று பார்க்க வேண்டும். நேர்முகத்தில் அந்தத் தாளை எடுத்து வைத்தால் எதிரில் இருப்பவர் உற்பத்தித் தளத்திலிருந்து வந்தவராக இருந்தால் அடுத்த அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசுவார்.